அடித்தாலும் ஒன்று நிற்கும்



இம்மலருக்குக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் கேட்டபோது முதலில் தயங்கினேன். தல வரலாறு எழுதவும் திருமுறைக்கு விளக்கம் சொல்லவும் என்னைவிடத் தகுதியுடையோர் நம்மிடையே இருக்கின்றனர். "உங்களுக்குத் தெரிந்ததை எழுதுங்கள் சார்" என்றார்கள். எனக்குத் தெரிந்தது கணக்கு. முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ்ப்பள்ளியில் கணிதம் போதித்தேன். ஓய்வு பெற்ற பின், சனிக்கிழமை மாலைகளில் கோயில் மண்டபத்தில் இடைநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்து வருகிறேன். ஆகவே, ஒரு பாடத்தையே இங்கு எழுதுகிறேன். இயற்கணிதத்தின் தொடக்கத்தில் வரும் 'ஒருறுப்புக் கோவைகளை வகுத்தல்' என்பது அப்பாடம்.

கோயில் மலரில் இயற்கணிதமா என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். வீட்டில் ஆறாம் ஆண்டிலோ முதலாம் படிவத்திலோ பிள்ளையோ பேரப்பிள்ளையோ இருந்தால் இது உங்களுக்குப் பயன்படும். தவிர, இப்பாடத்தில் நான் செய்த பிழை ஒன்றும் அடங்கியிருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மூன்று விடைகள்

சில மாதங்களுக்கு முன் ஒரு தாயார் தம் மகனை எங்கள் வகுப்புக்கு அழைத்து வந்தார். பையன் முதலாம் படிவம். அவன் கொண்டுவந்த பயிற்சித் தாளில் மூன்று கணக்குகள் தவறாகியிருந்தன.

7ப³ ÷ 7ப³ = 0
10ப² ÷ 5ப⁵ = 2ப³
12ப⁶ ÷ 4ப² = 3ப³

(பள்ளியில் ஆங்கில எழுத்துகளான எக்ஸ், வை ஆகியவற்றை எழுதுவார்கள். நாம் இங்கு ப, ம என்று எழுதுவோம். க, உ, ங போன்றவை பழந்தமிழ் எண்களாகவும் நிற்பதால் அவற்றைத் தவிர்த்தேன்.)

முதல் கணக்கைக் காட்டி, "பூஜ்யம் எப்படித் தம்பி வந்தது?" என்று கேட்டேன்.

"மேலேயும் கீழேயும் ஒரே மாதிரி இருக்கு. அடிச்சா எல்லாம் போயிடும். ஒண்ணும் இல்ல, அதான் பூஜ்யம்."

"அப்படி யார் சொன்னது?"

"அம்மாதான் சொன்னாங்க சார்."

பின்னால் நின்றிருந்த தாயார் சற்றே கூச்சத்துடன் சிரித்தார். "நீங்கதான் சார் எனக்குச் சொல்லிக் கொடுத்தீங்க. 'மேலே ஒண்ணு, கீழே ஒண்ணு அடி, போயிடும்'னு சொல்வீங்க. என்னை ஞாபகம் இல்லையா?"

அப்போதுதான் முகம் நினைவுக்கு வந்தது. 1993ஆம் ஆண்டு, தோட்டத்துப் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் முன்வரிசையில் அமர்ந்திருந்த சிறுமி. பின்னங்களைச் சுருக்கும் பாடத்தில் 5/15 என்பதற்கு 3 என்று விடை எழுதினாராம். நான் சிவப்பு மையால் குறுக்குக் கோடு போட்டுக் 'கவனம்' என்று எழுதிக் கொடுத்தேனாம். எனக்கு அது நினைவில்லை. அவருக்கு நினைவிருக்கிறது.

"மேல 5 போச்சு, கீழ 3 இருக்கு, அதனால 3னு போட்டேன். ஏன் தப்புன்னு புரியல சார். கேக்கவும் பயம். அப்புறம் செக்கண்டரி போனதும் மலாய்ல எழுத்து போட்டுக் கணக்கு வந்துச்சு. அதோட விட்டுட்டேன். நம்ம குடும்பத்துக்கே கணக்கு வராது சார்."

இந்தக் கடைசி வாக்கியம் என்னை அன்றிரவு தூங்கவிடவில்லை. அது குடும்பக் குறை அன்று. நான் கவனமின்றிச் சொன்ன ஒரு சொல்லின் விளைவு. 'அடி, போய்விடும்' என்றேன். போகவில்லை. அங்கே ஒன்று நிற்கிறது. அதை நான் சொல்லாமல் விட்டேன். 5/15இல் மேலே நிற்க வேண்டிய 1ஐ அச்சிறுமி அன்று இழந்தார். ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழித்து அதே 1ஐ அவர் மகன் இழந்து நிற்கிறான்.

பிள்ளைகள் கடக்கும் பாலம்

நம் நாட்டில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் ஆறாம் ஆண்டை முடித்து இடைநிலைப் பள்ளிக்குள் நுழையும்போது இரண்டு மாற்றங்கள் ஒரே நேரத்தில் நேர்கின்றன. எண்களோடு எழுத்துகளும் சேர்ந்து இயற்கணிதம் தொடங்குகிறது. பாடமொழியும் மாறுகிறது. 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்திற்கு மாறின. 2012 முதல் படிப்படியாகப் பழைய நிலைக்குத் திரும்பின. 2016இல் இருமொழித் திட்டம் சில பள்ளிகளில் தொடங்கியது. மொழிக் கொள்கையை அலசுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. பின்னம் சுருக்குவதைத் தமிழில் சரியாகப் புரிந்துகொண்ட பிள்ளைக்கு எந்த மொழியிலும் இயற்கணிதம் வரும். அங்கே தவறாகப் புரிந்துகொண்டால், புதிய மொழியில் அத்தவற்றைக் கண்டுபிடிப்பது அரிது. இதையே பெற்றோர் மனத்தில் கொள்ள வேண்டுகிறேன்.

2017இல் தொடங்கிய இடைநிலைப் பள்ளிப் பாடத்திட்டத்தில் இப்பாடம் முதலாம் படிவத்தில் 'உங்காப்பான் அல்ஜெப்ரா' என்னும் பகுதியில் வருகிறது. மூன்றாம் படிவத்தில் 'இண்டெக்ஸ்' என்று மீண்டும் விரிவாக வருகிறது. சில சொற்களை இங்கேயே இணைத்து வைத்துக்கொள்வோம். மதிப்பு மாறக்கூடிய எழுத்து மாறி. மலாயில் பெம்போலே ஊபா. எழுத்துக்கு முன் நிற்கும் எண் கெழு; மலாயில் பெக்காலி. எழுத்தின் தலைமேல் நிற்கும் சிறிய எண் அடுக்கு. கூட்டலாலும் கழித்தலாலும் பிரிக்கப்படாமல், பெருக்கலால் மட்டுமே இணைந்து நிற்கும் ஒற்றை உறுப்பு ஒருறுப்புக் கோவை. 5ப, 7ப²ம, வெறும் 9 ஆகியவை ஒருறுப்புக் கோவைகள். ப + 3 அப்படியன்று. அதில் உறுப்புகள் இரண்டு.

எண்ணுக்குப் பதில் எழுத்தை வைப்பது நம் பிள்ளைகளை மிரட்ட வந்த அந்நிய வழக்கம் என்று எண்ண வேண்டாம். 12ஆம் நூற்றாண்டில் பாஸ்கராச்சாரியார் தம் பீஜகணித நூலில், தெரியாத எண்களுக்கு யா, கா, நீ என்று எழுத்துகளை இட்டார். 'யாவத் தாவத்' என்பதன் முதலெழுத்து யா. காளகம் என்னும் கருமைக்குக் கா. நீலகம் என்னும் நீலத்திற்கு நீ. வண்ணத்தின் பெயரால் எண்ணைக் குறித்தார்கள். நாம் ப, ம என்று எழுதுவதும் அதே வழிதான்.

சூடப் பெட்டிக் கணக்கு

அப்பையனுக்குப் பாடத்தை எங்கே தொடங்குவது என்று யோசித்தேன். மண்டபத்து மூலையில் சூடப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. அதிலிருந்தே தொடங்கினேன்.

ஒரு பொட்டலத்தில் ப வில்லைகள் இருப்பதாகக் கொள்வோம். அத்தகைய ப பொட்டலங்கள் சேர்ந்து ஒரு கட்டு. ப கட்டுகள் சேர்ந்து ஒரு பெட்டி. அப்படியானால்,

ஒரு பொட்டலத்தில் உள்ள வில்லைகள்: ப
ஒரு கட்டில் உள்ளவை: ப × ப = ப²
ஒரு பெட்டியில் உள்ளவை: ப × ப × ப = ப³

ப என்பது 10 என்றால் இவை முறையே 10, 100, 1000.

இனி வகுப்போம். வகுத்தல் என்பது 'இதில் அது எத்தனை முறை அடங்கும்?' என்னும் கேள்வி. ஒரு பெட்டிச் சூடத்தைப் பொட்டலம் பொட்டலமாகப் பிரித்தால் எத்தனை பொட்டலம் கிடைக்கும்? ப³ ÷ ப = ப². 10 என்றால் 100 பொட்டலம். கட்டுக் கட்டாகப் பிரித்தால்? ப³ ÷ ப² = ப. பத்துக் கட்டு. 

மூன்றாவதாக, "ஒரு பெட்டிச் சூடத்தைப் பெட்டி பெட்டியாகப் பிரித்தால் எத்தனை பெட்டி?" என்று கேட்டேன். பையன் சிரித்துவிட்டான். "ஒரு பெட்டிதான் சார்."

"அதைக் கணக்காக எழுது."

ப³ ÷ ப³ என்று எழுதினான். சமக் குறியிட்டான். பேனா சற்று நின்றது. பிறகு 1 என்று எழுதினான். பூஜ்யம் என்றால் பெட்டியே காணாமல் போயிருக்க வேண்டும் என்பதை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அடித்தல் என்றால் என்ன?

12ப⁵ ÷ 3ப² என்னும் கணக்கை நீட்டி எழுதிப் பார்ப்போம்.

மேலே: 12 × ப × ப × ப × ப × ப
கீழே: 3 × ப × ப

மேலே ஒரு ப, கீழே ஒரு ப என்று இணை சேர்க்கிறோம். ஒவ்வோர் இணையும் ப/ப, அதாவது 1. இங்கு இரண்டு இணைகள். எனவே,

12/3 × ப/ப × ப/ப × ப × ப × ப
= 4 × 1 × 1 × ப × ப × ப
= 4ப³

அடித்தல் என்பது இதுதான். இணையை நாம் அழிக்கவில்லை. அதை 1 ஆக மாற்றுகிறோம். 1ஆல் பெருக்கினால் மதிப்பு மாறாது என்பதால் அதை எழுதாமல் விடுகிறோம். எழுதாமல் விட்டாலும் அது அங்கே நிற்கிறது. வேறு எண்ணோ எழுத்தோ மீதியிருக்கும் வரை அந்த 1 கண்ணில் படாது. மீதி எதுவும் இல்லாதபோது அதுவே விடையாக முன்வந்து நிற்கும்.

இதிலிருந்தே விதி பிறக்கிறது: கெழுக்களை வகுக்க வேண்டும், ஒரே எழுத்தின் அடுக்குகளைக் கழிக்க வேண்டும். அடுக்கு என்பது எத்தனை ப பெருக்கப்படுகின்றன என்ற எண்ணிக்கை. ஐந்தில் இரண்டு இணை சேர்ந்து போனால் மூன்று எஞ்சும். எண்ணிக்கையில் குறைவதால் கழிக்கிறோம். இக்காரணம் தெரியாமல் விதியை மட்டும் மனனம் செய்த பிள்ளை, அவசரத்தில் இரண்டையும் வகுத்துவிடும். அப்பையனின் மூன்றாவது கணக்கில் நடந்தது அதுவே. 12ப⁶ ÷ 4ப² என்பதில் ஆறை இரண்டால் வகுத்து 3ப³ என்றான். சரியான விடை 3ப⁴.

எப்படிச் சரிபார்ப்பது? ப என்ற இடத்தில் 2ஐ இட்டுப் பார்க்கலாம். ப⁶ என்பது 64; 12 × 64 = 768. ப² என்பது 4; 4 × 4 = 16. 768 ÷ 16 = 48. 3ப⁴ என்றால் 3 × 16 = 48. பொருந்துகிறது. 3ப³ என்றால் 24. பொருந்தவில்லை. 

சரிபார்க்கும்போது 1ஐ இடாதீர்கள். 1ஐ எத்தனை முறை பெருக்கினாலும் 1தான் என்பதால் எல்லா அடுக்கும் சரிபோலத் தோன்றும். 0ஐயும் இடக்கூடாது, பூஜ்யத்தால் வகுக்க முடியாது. 628ஆம் ஆண்டில் பிரம்மகுப்தர் பூஜ்யத்திற்கு விதிகள் வகுத்த பேரறிஞர். அவரே பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தால் பூஜ்யம் என்றார். பின்வந்த கணிதம் அதை ஏற்கவில்லை. எனவே, இப்பாடம் முழுவதிலும் கீழே நிற்கும் எழுத்தின் மதிப்பு பூஜ்யமன்று என்று கொள்கிறோம்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. முதல் எடுத்துக்காட்டாக ப⁴ ÷ ப² என்பதைப் பலகையில் எழுதாதீர்கள். நான்கில் இரண்டைக் கழித்தாலும் 2. நான்கை இரண்டால் வகுத்தாலும் 2. பிள்ளை தவறான வழியில் போயும் சரியான விடையோடு வந்து நிற்கும். நாமும் சரி என்று குறியிட்டுவிடுவோம். தவறு அங்கே வேரூன்றும்.

கீழே மிஞ்சினால்

இரண்டாவது கணக்கு 10ப² ÷ 5ப⁵. பையனின் விடை 2ப³. நீட்டி எழுதினால் மேலே இரண்டு ப, கீழே ஐந்து ப. இரண்டு இணைகள் 1 ஆகின்றன. மிஞ்சிய மூன்று ப கீழேதான் இருக்கின்றன. எனவே விடை 2/ப³. தாயார் 1993இல் 5/15 என்பதை 3 என்று எழுதியதும் இதே தவறு. கீழே நின்றதை மேலே ஏற்றிவிட்டார்கள். மேலே ஒரு 1 நிற்பது கண்ணுக்குத் தெரிந்திருந்தால் 3ஐக் கீழேயே விட்டு, 1/3 என்று எழுதியிருப்பார்கள்.

சூடத்திலேயே இதையும் பார்க்கலாம். ப பெட்டிகள் சேர்ந்து ஒரு பெரிய மரப்பெட்டி என்றால் அதில் ப⁴ வில்லைகள். கையில் இருப்பது ஒரு பெட்டிதான். அது மரப்பெட்டியில் எவ்வளவு? ப³ ÷ ப⁴ = 1/ப. பத்தில் ஒரு பங்கு. அதை 'ப' என்று எழுதினால் ஒரு பெட்டி வாங்கிவிட்டுப் பத்து மரப்பெட்டிக்குக் கணக்கு எழுதியதாகிவிடும்! கோயில் கணக்காய்வாளர் அதை ஒப்புவாரா?

நம் முன்னோர் பின்னங்களில் எவ்வளவு தேர்ந்திருந்தார்கள் என்பதற்குத் தமிழ்ச் சொற்களே சான்று. திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியைப் பிள்ளைகள் ஒப்புவித்த காலம் ஒன்று இருந்தது. எட்டில் தொடங்கிப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

8 = 2³
4 = 2²
2 = 2¹
1 = 2⁰
அரை = 2⁻¹
கால் = 2⁻²
அரைக்கால் = 2⁻³
வீசம் = 2⁻⁴
அரைவீசம் = 2⁻⁵

ஒவ்வொரு படியிலும் 2ஆல் வகுக்கிறோம். அடுக்கு ஒன்று குறைகிறது. முழு எண்களிலிருந்து பின்னங்களுக்கு இறங்கும் வழியில், அடுக்கு பூஜ்யமாகும் படியில் நிற்பது ஒன்று. பூஜ்யம் அடுக்கில் இருக்கிறது, மதிப்பில் இல்லை. பையன் குழம்பிய இடமும் இதுதான். அடுக்குகளைக் கழித்தபோது வந்த பூஜ்யத்தையே விடையாக எழுதிவிட்டால் இரண்டும் கலந்துவிடும். 

காலை வீசத்தால் வகுத்துப் பாருங்கள். அடுக்குகளைக் கழித்தால், −2 − (−4) = 2; எனவே விடை 2², அதாவது 4. ஒரு காலில் நான்கு வீசம் என்பது நம் பாட்டிமார் அறிந்த கணக்கு. மூன்றாம் படிவத்தில் எதிர்ம அடுக்கு என்று பிள்ளைகள் அஞ்சுவது இதற்குத்தான்.

இன்னும் நுண்ணிய அளவுகளும் உண்டு. 320இல் ஒரு பங்கு முந்திரி. அந்த முந்திரியில் மீண்டும் 320இல் ஒரு பங்கு கீழ்முந்திரி. அதாவது 102400இல் ஒரு பங்கு. முந்திரியை ம என்று குறித்தால் கீழ்முந்திரி ம². கீழ்முந்திரியை முந்திரியால் வகுத்தால் ம² ÷ ம = ம, மீண்டும் முந்திரியே. ஒருறுப்புக் கோவையை வகுக்கும் பாடம் நம் அளவைப் பெயர்களுக்குள்ளேயே அமைந்திருப்பதைக் காணுங்கள்.

ஒன்றை நடுவில் வைத்தவர்

இந்த ஒன்றைக் கண்டுகொள்வது பெரியோர்க்கும் எளிதாக இருந்ததில்லை என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்வதுண்டு. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பாக்தாதில் வாழ்ந்த அல் கராஜி என்னும் கணித அறிஞர், தெரியாத எண்ணின் அடுக்குகளையும் அவற்றின் பின்னங்களையும் பெருக்கவும் வகுக்கவும் முறைகள் தந்தார். ஆனால் அடுக்கு பூஜ்யமாகும் இடத்தில் ஒன்று நிற்கும் என்பதை விதிக்குள் சேர்க்காததால் அவருடைய விதி முழுமை பெறாமல் நின்றது. 12ஆம் நூற்றாண்டில் அல் சமாவல் என்பவர் அதை நிறைவு செய்தார். நடுவில் ஒன்றை வைத்து, ஒருபுறம் அடுக்குகளையும் மறுபுறம் அவற்றின் பின்னங்களையும் வரிசையாக எழுதி, பெருக்குவதும் வகுப்பதும் அவ்வரிசையில் இத்தனை இடம் நகர்வதே என்று காட்டினார். இன்று நாம் எழுத்தின் தலைமேல் எண்ணைச் சிறிதாக எழுதும் வழக்கத்தைப் பரவச் செய்தவர் பிரான்சு நாட்டு டெக்கார்ட். அவருடைய வடிவியல் நூல் 1637இல் வெளிவந்தது.

அறிஞர்களுக்கே நூறாண்டுக்கு மேல் பிடித்த ஒரு படியைப் பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒரு மாலையில் தாண்டவில்லை என்றால், அதற்காகக் கடிந்துகொள்வது நியாயமா?

இரண்டு எழுத்துகள் வந்தால்

−18ப⁴ம³ ÷ 6பம³ என்று வந்தால் அஞ்ச வேண்டாம். மூன்று கேள்விகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். எண்ணும் குறியும்: −18 ÷ 6 = −3. முதல் எழுத்து: ப⁴ ÷ ப = ப³. இரண்டாம் எழுத்து: ம³ ÷ ம³ = 1. விடை −3ப³. ம எங்கே போயிற்று என்று பிள்ளை கேட்டால், "போகவில்லை, ஒன்றாக நிற்கிறது" என்று சொல்லுங்கள். தலையில் அடுக்கு எழுதாத ப என்றால் அடுக்கு பூஜ்யம் என்று நினைக்கும் பிள்ளைகளும் உண்டு. ப என்பது ப¹. அங்கும் எழுதப்படாத ஓர் ஒன்று.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. இணை சேர்த்து அடிப்பது பெருக்கலால் இணைந்தவற்றுக்கு மட்டுமே. (ப + 6)/6 என்பதில் மேலும் கீழும் உள்ள ஆறுகளை அடித்து ப என்று விடை எழுதுவது பெருந்தவறு. ப இடத்தில் 6ஐ இட்டால் 12/6 = 2; ஆனால் ப என்பதோ 6. சரியான வழி, இரண்டு உறுப்புகளையும் தனித்தனியே வகுத்து ப/6 + 1 என்று எழுதுவது. இங்கும் பாருங்கள், 6/6 அழியவில்லை, ஒன்றாக நிற்கிறது.

பெற்றோருக்குச் சில வார்த்தைகள்

உங்களுக்கு இயற்கணிதம் தெரியாவிட்டாலும் பிள்ளைக்கு உதவலாம். பிள்ளை ஓர் இணையை அடிக்கும்போது, "அங்கே என்ன நிற்கிறது?" என்று மட்டும் கேளுங்கள். அடித்த இடத்திற்கு மேல் சிறிதாக 1 என்று எழுதச் சொல்லுங்கள். பின்னம் படிக்கும் நான்காம், ஐந்தாம் ஆண்டிலேயே இப்பழக்கம் வர வேண்டும். விடை தவறானால் திட்டுவதற்கு முன், "எப்படி இந்த விடை வந்தது?" என்று கேளுங்கள். நான் 1993இல் அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் போதும். சிவப்பு மைக்கு அந்தக் கேள்வி தெரியவில்லை.

கீழ்க்காணும் ஆறு கணக்குகளைப் பிள்ளைகளோடு அமர்ந்து செய்து பாருங்கள்.

1. 15ப⁴ ÷ 3ப
2. 9ம² ÷ 9ம²
3. −20ப³ம² ÷ 4ப²ம²
4. 6ப ÷ 2ப⁴
5. 24ப⁵ம ÷ 8ப²ம³
6. 4ப² ÷ 12ப²

விடைகள்: 1) 5ப³, 2) 1, 3) −5ப, 4) 3/ப³, 5) 3ப³/ம², 6) 1/3.

ஆறாவது கணக்கைப் பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறேன். அந்தத் தாயார் இப்போது ஒவ்வொரு சனிக்கிழமையும் மகனை விட்டுவிட்டு வீடு திரும்புவதில்லை. சினாய் தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்து, மண்டபத்தின் கடைசி வரிசையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அமர்ந்துவிடுகிறார். சென்ற மாதம் ஆறாவது கணக்கைப் பலகையில் எழுதி, யார் செய்வது என்று கேட்டேன். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் எழுந்து வந்தார். நான்கையும் பன்னிரண்டையும் இணை சேர்த்தார். ப² இரண்டையும் அடித்தார். "அங்கே என்ன நிற்குது?" என்று வகுப்பே ஒரே குரலில் கேட்டது, அது இப்போது எங்கள் வகுப்பின் வழக்கமாகிவிட்டது. அடித்த இடங்களின் மேல் ஒவ்வொன்றாக 1 என்று சிறிதாக எழுதினார். பிறகு 1/3 என்று விடை எழுதி, அந்த ஒன்றைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.

"இதுக்குத்தான் சார் அன்னைக்கு 3னு எழுதினேன்" என்றார். "தப்பு என்மேலதாம்மா" என்றேன். மகன் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தான். குடும்பத்துக்கே கணக்கு வராது என்ற பேச்சு அதன் பிறகு அவர்களிடமிருந்து வரவில்லை.

இவ்வகுப்புக்கு வெண்பலகையும் நோட்டுப் புத்தகங்களும் அன்பர்கள் வழங்கி வருகின்றனர். அவர்கள் கொடுத்தது எங்கே போயிற்று என்று கணக்கில் தேடினால் சில வேளை கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அது போய்விடவில்லை. ஒரு பிள்ளையின் விடைத்தாளில் ஒன்றாக நிற்கிறது.